செம்பாட்டுப் பூச்சு

காலை ஆறு மணி பஸ்ஸில் யாழ்ப்பாணத்துக் கோப்பாயைக் கடக்கிறவர்கள் சில நாட்களில் சன்னலால் எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆறேழு பெண்கள், புருஷன்மாரின் பழைய நீளக்கைச் சட்டைகளைப் பாவாடைக்கு மேல் மாட்டி, தலையில் துவாயைச் சுற்றி, அதற்கு மேல் பனையோலைத் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு வெங்காயத் தோட்டத்துக்கு வரிசையாகப் போவார்கள். அது மட்டுமென்றால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். நெற்றி, மூக்கு, கன்னம், புறங்கை எல்லாம் செங்கல் நிறத்தில் பூசியிருப்பார்கள். ஒருநாள் பஸ் கொண்டக்டர் வாசலில் தொங்கியபடி, "என்ன, அனுமார் படை கிளம்பிட்டுதோ?" என்று கத்தினார். முன்னால் போன ஒருத்தி திரும்பியும் பார்க்காமல், "ஓம், முதல் உம்மடை பஸ்ஸிலைதான் நெருப்பு வைக்கப் போறம்" என்றாள். பஸ்ஸில் இருந்த சனமெல்லாம் சிரித்தது.

அந்த ஒருத்திதான் ஞானாம்பிகை. அந்தச் செங்கல் நிறமும் அவளுடைய கைவேலைதான்.

வயது நாற்பத்து நான்கு. ஆள் ஒல்லி, வாய் மட்டும் ஒல்லியில்லை. பதினைந்து வயதில் பரீட்சை எழுதவேண்டிய நேரத்தில் யுத்தத்தால் ஊரே மூட்டை கட்டிக்கொண்டு போனதில் அவளுடைய படிப்பு நின்றுவிட்டது. ஆனால் எதையும் தன் கண்ணால் பார்த்து உறுதிப்படுத்தும்வரை நம்பாத குணம் நிற்கவில்லை. டொக்டர் சொன்னாலும், ரீவியில் சொன்னாலும், கட்டின புருஷன் சொன்னாலும் அவளுடைய பதில் ஒன்றுதான்: "பாப்பம்." மேசன் வேலை செய்கிற நாகலிங்கம் இந்தப் "பாப்பம்" உடன் இருபது வருஷமாகக் குடும்பம் நடத்துகிறார். அந்தப் பொறுமைக்கு அவரை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும்.

பூச்சு பிறந்தது ஒரு கிணற்றடியில். ஆறு வருஷத்துக்கு முன், வெங்காய நடுகைக் காலத்தில் ஒரு பின்னேரம் ஞானாம்பிகை கை கழுவிக்கொண்டிருந்தாள். செம்பாட்டு மண் உள்ள ஊரில் நடுகைக்குப் போனால் முழங்கைவரை சிவந்துபோய்த்தான் வீட்டுக்கு வரவேண்டும். அன்று காலையிலேயே இடது கையில் அப்பிக் காய்ந்துபோயிருந்த ஒரு கட்டி மண் தண்ணீர் பட்டுக் கழன்று விழுந்தது. அது இருந்த இடத்தில் தோல் வெளிறிக் கிடந்தது. சுற்றிலும் கன்றிக் கறுத்திருந்தது. அந்த ஊரில் எத்தனையோ பெண்கள் எத்தனையோ வருஷமாக இதே மண்ணைக் கழுவியிருக்கிறார்கள். எல்லோரும் கழுவிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார்கள். இவள் மட்டும் ஈரக் கையைத் தூக்கிப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

அடுத்த ஒரு கிழமை, ஏழு நாளும், ஒரு கையில் மண்ணைக் குழைத்துப் பூசிக்கொண்டும், மறு கையை வெறுமனே விட்டும் வேலைக்குப் போனாள். "உமக்கு விசரோ?" என்று நாகலிங்கம் கேட்டார். "பாப்பம்" என்றாள். கிழமை முடிவில் இரண்டு கைகளையும் அவர் முகத்துக்கு முன்னால் நீட்டினாள். ஒரு கை அவளுடையது போலவும் மறு கை வேறு யாருடையதோ போலவும் இருந்தது. நாகலிங்கம் இரண்டையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "சரி, இனி என்ன செய்யவேணும்?" என்று மட்டும் கேட்டார்.

செய்யவேண்டியது நிறைய இருந்தது. தோட்டத்து மேல்மண் ஆகாது. வருஷக்கணக்காகப் பூச்சி மருந்து குடித்த மண் அது, அதை முகத்தில் பூச முடியாது. நாகலிங்கம் வீட்டு அத்திவாரம் வெட்டுகிற இடங்களில் ஆழத்திலிருந்து எடுத்த மண்ணை உரப்பையில் கட்டிச் சைக்கிள் கரியரில் கொண்டுவந்து இறக்கினார். "கலியாணம் கட்டேக்குள்ளை நகை கேட்டீர். இப்ப மண் கேக்கிறீர். எனக்கு லாபந்தான்" என்றார். அந்த மண்ணை அவள் இடித்து, வாளித் தண்ணீரில் கலக்கி, கல்லும் மணலும் அடியில் தங்கும்வரை கொஞ்சம் பொறுத்து, மேலே நிற்கிற சிவந்த தண்ணீரை மட்டும் பழைய வேட்டித் துணியில் வடித்தெடுப்பாள். அது அடைந்ததும் தெளிந்த தண்ணீரை ஊற்றிவிட்டு மறுபடி கலக்குவாள். நாலு தடவை இப்படி. கடைசியில் அடியில் வண்டலாகத் தங்குவது விரலில் இருப்பதே தெரியாத அளவு மெல்லியதாக இருக்கும். அதைக் காயவைத்து, தாச்சியில் போட்டு நன்றாகச் சூடேற வறுப்பாள். மண்ணில் இருக்கிற கிருமி தோலில் ஏறக்கூடாதாம்.

முதல் வருஷம் தேங்காயெண்ணெயில் குழைத்தாள். பத்து மணிக்கெல்லாம் வியர்வையோடு உருகி இறங்கிக் கண்ணைக் கரித்தது. தேன்மெழுகைக் கூட்டிப் போட்டாள். சிரிக்கும்போது கன்னத்தில் பிளந்து உதிர்ந்தது. கூட்டியும் குறைத்தும் இரண்டு போகம் போன பிறகுதான் நல்லெண்ணெயும் கொஞ்சமே கொஞ்சம் மெழுகும் என்று ஒரு கணக்குக்கு வந்தாள். ஒவ்வொன்றையும் முதலில் தன் கையில் பூசி மூன்று நாள் வெயிலில் நிற்பாள். இதெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

தோட்ட வேலைக்குப் பெண்களைச் சேர்த்துக் கூட்டிப்போகிறவள் தங்கமுத்து. அறுபது வயதுக்காரி. முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவளும் அவள்தான். அவளுக்குப் பங்குனி வந்தால் மூக்கில் தோல் உரிந்து, தண்ணீர் பட்டாலே எரியும். ஒருநாள் யாரும் பார்க்காத நேரம் பார்த்து, "இஞ்சை, உதிலை கொஞ்சம் கிள்ளித் தா" என்று கையை நீட்டினாள். அந்தப் பங்குனியில் மூக்கு உரியவில்லை. அதற்குப் பிறகு கூட்டத்தில் எல்லோரும் கேட்டார்கள். வெறும் யோகட் கோப்பைகளைக் கழுவி அதில் நிரப்பிச் சும்மாதான் கொடுத்தாள். கூடவே ஒரு பேச்சும் கொடுப்பாள்: "சட்டையும் தொப்பியுந்தான் வெயிலுக்கு மருந்து. உது சட்டை மூடாத இடத்துக்கு ஒரு ஒட்டு. உதை நம்பித் தொப்பியைக் கழட்டினியளெண்டால் பேந்து என்னட்டை வராதையுங்கோ."

காலம் முழுக்க வெயிலில் குனிந்து நின்ற பெண்கள் அவர்கள். கறுத்துப்போவதும் உரிந்துபோவதும் கூலிக்குப் போகிறவளின் தலைவிதி என்று ஊரும் நினைத்தது, அவர்களும் நினைத்தார்கள். உன் தோலும் காப்பாற்றவேண்டிய ஒன்றுதான் என்று அவர்களுக்கு முதலில் காட்டியவள் ஞானாம்பிகை. அதற்காகவே அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

இனி, அவள் செய்த பிழைக்கு வருவோம்.

கூட்டத்தில் இளையவள் மதுரா. இருபத்தாறு வயது. புருஷன் கொழும்பில் வேலை. பத்து மாதக் கைக்குழந்தையைத் தாய் பராசக்தியிடம் விட்டுவிட்டு வேலைக்கு வருவாள். வெயில் பட்டால் சட்டென்று சிவந்து கன்றுகிற தோல் அவளுக்கு. அதனால் பூச்சைக் கன்னம் கன்னமாக அப்புவாள். ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "ஞானாக்கா, கோவிக்காதையுங்கோ. பின்னேரம் கழுவினாலும் மண்ணும் எண்ணெயும் மணக்குது. தூக்கினால் பிள்ளை முகத்தைத் திருப்பிறான்."

ஞானாம்பிகைக்கு அது மனதில் தைத்துவிட்டது. பிள்ளை தாயிடம் வராமல் முகத்தைத் திருப்பினால் பூச்சு இருந்தென்ன, விட்டென்ன?

அடுத்து வந்தது பங்குனித் திங்கட்கிழமை. ஊர் அம்மன் கோவிலில் பொங்கலும் பூசையும் நடந்தன. அன்று அம்மனுக்குச் சாத்துகிற எலுமிச்சை மாலையை, அந்த ஊர்ப் பேச்சில் தேசிக்காய் மாலையை, ஞானாம்பிகைதான் கட்டினாள். பூசை முடிந்து மாலையை இறக்கியதும், கட்டினவளுக்கென்று ஐயர் இருபது தேசிக்காய்களை அவளுடைய சேலைத் தலைப்பில் போட்டார். வீட்டில் சாற்றைப் பிழிந்து சர்க்கரை போட்டு எல்லோரும் குடித்தார்கள். தோல் மிச்சம். அம்மாளின் கழுத்தில் கிடந்த தேசிக்காயின் தோலைக் குப்பையில் எறிய அந்த ஊரில் யாருக்குக் கை வரும்? அவளுக்கும் வரவில்லை. ஒன்றை நகத்தால் கீறி முகர்ந்து பார்த்தாள். மதுராவின் பிள்ளை நினைவுக்கு வந்தான். அவ்வளவுதான், தோல் முழுவதையும் சந்தனத்தோடு அம்மியில் வைத்து மைபோல அரைத்து, புதிதாகக் குழைத்த பூச்சில் சேர்த்துவிட்டாள். வீடே மணத்தது.

எதற்கெடுத்தாலும் "பாப்பம்" என்கிறவள் அன்று அதைச் சொல்லவில்லை. தன் கையில் பூசி மூன்று நாள் நிற்கவில்லை. அம்மாளின் கழுத்திலிருந்து வந்ததை என்னவென்று சோதிப்பது? அப்படிச் சோதிக்க நினைப்பதே குற்றம் என்று பட்டது அவளுக்கு.

செவ்வாய்க்கிழமை ஆழ்வாப்பிள்ளையின் தோட்டத்தில் வெங்காயம் கிண்டி எடுக்கிற வேலை. மனிதர் நல்லவர்தான், ஆனால் மழை வருமென்று யாரோ சொன்ன பயத்தில் மத்தியானத்துக்குக்கூட நிழலுக்குப் போக விடவில்லை. கூட்டத்தில் மற்ற ஐந்து பெண்களும் புதுப் பூச்சை ஆசையாசையாகப் பூசினார்கள். "கலியாண வீட்டுக்குப் போறமாதிரி இருக்குதடி" என்றாள் தங்கமுத்து. ஞானாம்பிகை வழக்கம்போலப் பழைய கோப்பையின் அடியை வழித்துத் தனக்குப் பூசிக்கொண்டாள். புதியதை மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தைத் தான் எடுப்பது அவளுடைய பழக்கம்.

புதன் இரவு ஐந்து பேருக்கும் எரிவு தொடங்கியது. வியாழன் விடிய முகத்திலும் கையிலும் கொப்புளங்கள்.

பங்குனி வெயில், அம்மன் கோவில் பூசை, உடம்பில் கொப்புளம். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்கிற யாழ்ப்பாணத்து மனுஷிக்கு ஒரே ஒரு விஷயந்தான் தோன்றும். தங்கமுத்து தன் கையைப் பார்த்த உடனேயே சொல்லிவிட்டாள்: "அம்மாள் வந்திருக்கிறா." அம்மை நோயை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். மத்தியானத்துக்குள் ஐந்து வீட்டு வாசல் படலைகளிலும் வேப்பிலை தொங்கியது. குளிப்பில்லை, தாளிதமில்லை, வெளியார் உள்ளே வரக்கூடாது. முக்கியமாக, மருந்து கூடாது. வந்திருக்கிற அம்மாளை மருந்து போட்டு விரட்டுவதா? அவவாக இறங்கும்வரை வேப்பிலையால் தடவிக்கொண்டு பொறுத்திருக்க வேண்டியதுதான். மதுராவின் பிள்ளையைக் கொடிகாமத்தில் இருக்கிற மாமி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பூச்சின் மேல் ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. அதற்கு எதிர்மாறாக, "மாலை கட்டின கையெண்டு அம்மாள் உன்னை விட்டிட்டா, ஞானம். நீ குடுத்து வைச்சனி" என்று தங்கமுத்து படலைக்கு உள்ளே நின்றபடி சொன்னாள்.

அன்று பின்னேரம் ஞானாம்பிகை மதுராவைப் பார்க்கப் போனாள். தாய் பராசக்தி வாசலில் மறித்து, அங்கிருந்தே பார்க்கச் சொன்னாள். பாயில் வேப்பிலை பரப்பி மதுரா கிடந்தாள். வலது கன்னம் முழுக்கக் கொப்புளம், கண்ணின் கீழ் இமைவரை. கையை நெஞ்சில் வைத்திருந்தாள். புறங்கையில் கொப்புளம், மணிக்கட்டுவரை கொப்புளம். அதற்கு மேல் ஒன்றுமில்லை. கோடு கீறினமாதிரி அப்படியே நின்றிருந்தது.

"வயித்திலை, முதுகிலை இருக்கோ பிள்ளை?"

"இல்லையக்கா. முகத்திலையும் கையிலையுந்தான்."

"கழுத்திலை?"

"சட்டைக் கொலருக்கு மேலை மட்டும்."

ஞானாம்பிகை மறுபடி அந்த மணிக்கட்டைப் பார்த்தாள். அம்மாளுக்குச் சட்டைக்கை எதுவரை என்று தெரியுமோ? பொத்தானைக் கண்டதும் அவ நின்றுவிடுவாவோ? ஐந்து வீடு, ஐந்து பேர். ஒரு வீட்டிலும் ஒரு குழந்தைக்குக்கூட வரவில்லை. பூசின இடத்தில் வந்திருக்கிறது. புதியதைப் பூசாத தனக்கு மட்டும் வரவில்லை.

வீட்டுக்கு வந்து கோப்பையைத் திறந்தாள். அதே வாசம். இடது கையில் புதுப் பூச்சை ஒரு ரூபாய்க் காசளவு வைத்தாள், பக்கத்தில் பழையதை வைத்தாள். மறுநாள் பத்து மணியிலிருந்து இரண்டு மணிவரை முற்றத்தில் கையை நீட்டிக்கொண்டு இருந்தாள்.

இந்த இடத்தில் அவளை ஒரு சொல்லாவது ஏசவேண்டும். வியாழக்கிழமையே அவளுக்குப் பாதி தெரிந்துவிட்டது. அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். உறுதியாகத் தெரியாமல் எப்படிச் சொல்வது என்று தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். அது பாதி உண்மை. மறு பாதி பயம். ஊரே அம்மாள் என்று சொல்லிக் கும்பிடுகிற ஒன்றை இல்லை என்று சொல்லவேண்டும். அதுவும் அம்மாளின் தேசிக்காயால் வந்தது என்று சொல்லவேண்டும். சொன்னால் ஆறு வருஷமாகத் தன்னை நம்பிக் கன்னத்தைக் காட்டிய பெண்கள் இனி முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கொப்புளம் தானாக ஆறிவிடும், அம்மாள் இறங்கிவிட்டா என்று பொங்கல் வைப்பார்கள், அவளும் போய்ச் சேர்ந்து பொங்கலாம். அந்த இரண்டு நாளும் அவள் இதையும் நினைத்தாள். நினைக்காதவள் என்று பொய் சொல்லிப் புகழவேண்டிய ஆள் இல்லை அவள்.

சனிக்கிழமை இரவு கை எரிந்தது. ஞாயிறு விடியப் பார்த்தாள். பழைய பூச்சு வைத்த இடம் சும்மா இருந்தது. புதியது வைத்த இடத்தில் வட்டமாக ஒரு கொப்புளம்.

முகம்கூடக் கழுவாமல் மதுரா வீட்டுக்கு நடந்தாள். மதுராவின் வலது கண் வீங்கி மூடிக் கிடந்தது. கீழிமைக் கொப்புளங்கள் உடைந்து மஞ்சளாக நீர் வடிந்தது. காய்ச்சலில் அனுங்கிக்கொண்டிருந்தாள். பராசக்தி பக்கத்தில் இருந்து வேப்பிலையால் விசிறினாள்.

"பராசக்தியக்கா, உது அம்மாள் இல்லை. பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவம்."

"வாயைக் கழுவு" என்றாள் பராசக்தி. "வந்திருக்கிற அம்மாளை இல்லையெண்டு சொல்லுறியோ? கண்ணைக் குருடாக்கிப் போட்டுப் போறதுக்கோ?"

"உது நான் குடுத்த பூச்சாலை வந்தது. தேசிக்காய்த் தோலை அரைச்சுப் போட்டனான். அது வெயிலிலை வெந்து போச்சுது. இஞ்சை பாருங்கோ." கையை நீட்டினாள். "வெள்ளிக்கிழமை வெயிலிலை காட்டினனான். இண்டைக்கு இப்பிடி இருக்கு."

பராசக்தி அந்தக் கொப்புளத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு எழுந்தாள். "எந்தத் தேசிக்காய்?"

"அம்மாளின்ரை மாலையிலை இருந்தது."

அந்தச் சொல்லைச் சொல்வதற்குத்தான் அவளுக்கு மூன்று நாள் எடுத்தது. பராசக்தி விசிறின வேப்பிலையைக் கீழே போட்டாள். "செய்யிறதையும் செய்துபோட்டு அம்மாளிலை பழி போடுறியோ?"

"அம்மாளிலை பழி இல்லையக்கா. தந்தது அவ, அரைச்சது நான். பழி முழுக்க என்னிலை. நீங்கள் என்னைப் பேந்து ஏசுங்கோ, அடியுங்கோ, இந்தப் படலைக்குள்ளை இனி வராதை எண்டு சொல்லுங்கோ. இப்ப பிள்ளையின்ரை கண் போகப்போகுது. எழும்புங்கோ."

பராசக்தி அசையவில்லை. பாயில் கிடந்த மதுராதான் மூடாத கண்ணைத் திறந்து ஞானாம்பிகையின் கையைப் பார்த்தாள். பிறகு, "அம்மா, ஓட்டோவுக்குச் சொல்லுங்கோ" என்றாள்.

ஆஸ்பத்திரியில் இருந்த டொக்டர் ஒரு பெண். கண்ணை வெளிச்சம் அடித்துப் பார்த்தார், கையைப் பார்த்தார், மணிக்கட்டுக் கோட்டைப் பார்த்தார். ஞானாம்பிகை ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். "தேசிக்காய்த் தோலிலை இருக்கிற எண்ணெய் பட்ட இடத்திலை வெயில் பட்டால் உப்பிடித்தான் வேகும். அம்மை இல்லை" என்றார் டொக்டர். "புண்ணிலை கிருமி ஏறியிருக்கு. கண்ணுக்குள்ளை இன்னும் இறங்கேல்லை. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தால் என்னாலை ஒண்டும் சொல்லேலாது." மண் பூச்சைப் பற்றியும் ஞானாம்பிகை கேட்டாள். அந்த நேரத்திலும் கேட்டாள், அதுதான் அவள். "மண் கொஞ்சம் மறைக்கும். ஆனால் முழுக்கக் காக்காது. மத்தியான வெயிலுக்கு நிழலுக்குப் போங்கோ, சட்டையையும் தொப்பியையும் விடாதையுங்கோ" என்றார் டொக்டர்.

மதுராவை வார்டில் விட்டுவிட்டு, ஞானாம்பிகை அன்றே மற்ற நாலு வீட்டுக்கும் நடந்தாள். ஒவ்வொரு படலையிலும் நின்று அதே கதையை முதலிலிருந்து சொன்னாள், அதே கையை நீட்டிக் காட்டினாள். கூட்டத்தில் ஒருத்தியான தர்சினி கேட்டு முடியுமுன்னமே படலையை அடித்துச் சாத்தினாள். இன்னொருத்தி, "உன்ரை விசருக்கு எங்கடை முகமோ கிடைச்சது?" என்று கேட்டாள். ஞானாம்பிகை நீட்டின கையை மடக்கிக்கொண்டு அடுத்த படலைக்கு நடந்தாள். கடைசியாகத் தங்கமுத்து. கேட்டு முடித்ததும் படலையில் கட்டியிருந்த வேப்பிலையை மெல்ல அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்று பட்டதிலேயே அதுதான் ஞானாம்பிகையை அதிகமாகச் சுட்டது.

புண் எல்லோருக்கும் ஆறியது. ஆறின இடங்களில் கபில நிறத்தில் தழும்பு விழுந்தது. மறையச் சில மாதம் எடுக்கும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஞானாம்பிகை மிச்சப் பூச்சை எல்லாம் குழி வெட்டிப் புதைத்தாள். நாகலிங்கம் புதிதாகக் கொண்டுவந்த மண் மூட்டை அவிழ்க்காமல் பின்கோடியில் கிடந்தது.

வைகாசியில் நடுகை தொடங்கியது. தங்கமுத்து வேலைக்குக் கூப்பிட்டாள், ஆனால் பூச்சைப் பற்றி வாய் திறக்கவில்லை. எல்லோரும் துவாயால் முகத்தை இழுத்து மூடிக்கொண்டு குனிந்தார்கள். ஞானாம்பிகை வரிசையின் கடைசியில் நின்றாள். பஸ் போனது, யாரும் சிரிக்கவில்லை.

இரண்டாம் கிழமை மதுரா வேலைக்கு வந்தாள். வலது கன்னத்தில் கண்ணுக்குக் கீழே கைவிரல் அகலத்துக்குக் கபிலத் தழும்பு. நேரே ஞானாம்பிகை நின்ற பாத்திக்கு வந்தாள்.

"எங்கையக்கா பூச்சு?"

"செய்யிறதை விட்டிட்டன், பிள்ளை."

"ஏன்?"

"ஏனெண்டு நீயோ கேக்கிறாய்?"

மற்றவர்கள் நடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். மதுரா எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்: "கலியாணத்துக்கு முந்திக் கடையிலை ஒரு கிறீம் வாங்கிப் பூசி என்ரை முகம் ஆறு மாசம் உரிஞ்சது. அதை வித்தவன் என்ரை படலைக்கு வந்து, பிள்ளை, அது என்ரை பிழையெண்டு சொன்னவனோ? நீங்கள் வந்தனீங்கள். நான் அம்மாளெண்டு நம்பிக்கொண்டு கிடந்தனான். சொல்லாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"எனக்குத் தெரிஞ்சிருக்குமே" என்றாள் ஞானாம்பிகை.

"அப்ப நாளைக்குக் கொண்டுவாங்கோ."

"நாளைக்கு ஏலாது. மண் அடைய நாள் எடுக்கும். குழைச்ச பிறகு மூண்டு நாள் என்ரை கையிலை இருக்கவேணும்."

"இருக்கட்டும். நான் பொறுக்கிறன்."

தங்கமுத்து குனிந்தபடியே, "எனக்கும் ஒரு கோப்பை" என்றாள். தர்சினி மட்டும் மறுபடி நடுகைக்குக் குனிந்தாள். அவள் இன்றைக்கும் பூசுவதில்லை. அது அவளுடைய முகம், அவளுடைய முடிவு. ஞானாம்பிகையும் அவளை ஒருநாளும் கேட்டதில்லை.

ஒன்பதாம் நாள் காலை, தோட்டத்து வரம்பில் ஞானாம்பிகை கோப்பையைத் திறந்தாள். மண்ணும் நல்லெண்ணெயும் மணத்தன, வேறொன்றும் இல்லை. சட்டைக்கையை முழங்கைவரை சுருட்டி, மூன்று நாள் பூசி வெயிலில் நின்ற இடத்தை எல்லோருக்கும் காட்டினாள். பிறகு கோப்பையை மதுராவிடம் நீட்டினாள். மதுரா வாங்கவில்லை. துவாயை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு கண்களையும் மூடி, முகத்தை நிமிர்த்தி அவளுக்கு முன்னால் காட்டினாள்.

ஞானாம்பிகை விரலில் பூச்சை எடுத்தாள். நெற்றியில் பூசினாள், மூக்கில் பூசினாள், இடது கன்னத்தில் பூசினாள். வலது பக்கம் வந்ததும் தழும்புக்கு ஓரமாகவே விரலை நிறுத்திவிட்டாள்.

"கண்ணுக்குக் கீழையும் பூசுங்கோக்கா" என்றாள் மதுரா, கண்ணைத் திறக்காமல்.